பன்னிரண்டு வயதுக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி



ஆண்டிறுதி நெருங்கினால் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சார், பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" நூல் வாங்கிக் கொடுங்கள் என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். பிறகு கைப்பேசிதான் வாங்குவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு பிள்ளைக்காக மிகக் கவனமாகத் தெரிவு செய்யப்பட்ட பரிசு என்று நான் கண்டது எது என்று என்னைக் கேட்டால், அது நூலன்று, மிதிவண்டியும் அன்று. மான் வேட்டைக்குரிய ஒரு துப்பாக்கி. படித்தவுடன் முகம் சுளிக்க வேண்டா. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

மலேசியர்களாகிய நமக்குத் துப்பாக்கி என்ற சொல்லே அச்சந்தருவது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, குறிப்பிட்ட குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டவருக்கு மரண தண்டனையைக் கட்டாயமாக்கியது. அந்தக் 'கட்டாயம்' 2023இல்தான் நீங்கியது. நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றி சுட வருபவரின் தோளில்தான் துப்பாக்கியைக் கண்டிருக்கிறேன். சிறுவர்களாகிய நாங்கள் லயத்துக்கு அப்பால் வர அனுமதி இல்லை. வெடிச்சத்தம் மட்டும் கேட்கும். மறுநாள் சில வீடுகளில் கறி மணக்கும். அவ்வளவுதான் எனக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு.

என் தங்கை மணமுடித்துச் சென்ற ஊர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது. கணவர் அந்த மண்ணில் பிறந்தவர், வெள்ளையர், பொறியாளர். அவருடைய தந்தையார் பால்பண்ணை வைத்திருந்தவர். மாடுகளை விற்றுவிட்டாலும் நிலத்தை விற்கவில்லை. 2019 நவம்பரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் நான் அங்கே சென்றேன். என் மருமகனுக்கு டிசம்பரில் பன்னிரண்டு வயது நிறைவாக இருந்தது.

நான் போய் இறங்கிய வாரம் மான் வேட்டைப் பருவம். விஸ்கான்சினில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஒன்பது நாள்கள். நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அதற்கடுத்த ஞாயிறோடு முடியும். அந்த ஒன்பது நாளுக்காக ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமம் வாங்குகிறார்கள். எண்ணெய் நிலையத்திலும் தேவாலய வாசலிலும் பேரங்காடியிலும் ஆரஞ்சு நிறச் சட்டைகளாகவே தெரிந்தன. தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்லும் இரயிலில் மஞ்சள் நிறம் தெரிவதைப் போல என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

முதல் நாள் இரவே தங்கை சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, தாத்தா இவனுக்குப் பிறந்த நாளுக்குத் துப்பாக்கி வாங்கித் தரப் போறாராம். நீங்க சொன்னா கேப்பாரு. வேணான்னு சொல்லுங்க."

அவளுடைய அச்சம் வெறும் தாயச்சம் அன்று. அதற்குக் காரணங்கள் இருந்தன. மகனின் பள்ளியில், துப்பாக்கி ஏந்தியவன் உள்ளே புகுந்தால் எப்படி ஒளிந்துகொள்வது என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். நாம் தீ விபத்துப் பயிற்சி நடத்துவது போல. இன்னொன்றைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். பையன் நிறத்தில் எங்கள் பக்கம். 2004 நவம்பரில் அதே மாநிலத்தின் வடக்குக் காட்டில், பிறர் நிலத்துக்குள் சென்றதாக எழுந்த தகராற்றில், மோங் இனத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர் ஒருவர் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார். 2007 சனவரியில் மோங் இனத்தவர் இன்னொருவர் அணில் வேட்டைக்குப் போன காட்டில் வெள்ளையர் ஒருவரால் கொல்லப்பட்டார். மோங் மக்கள் இலாவோசிலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள். "காட்டுக்குள்ள கையில துப்பாக்கியோட இவனப் பாக்கிறவன், இவன் யாரு பேரன்னு கேட்டுட்டா சுடுவான்?" என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை.

மறுநாள் பெரியவரின் பண்ணைக்குச் சென்றோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உருவம், உரத்த பேச்சு இல்லை. என்னைக் கண்டதும் கையைப் பற்றிக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "உங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பெரிய பரிசு என்றால் தாயின் அண்ணன் கை இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் வரும்வரை காத்திருந்தேன்."

பையனுக்குக் காதுகுத்து நம் நாட்டில்தான் நடந்தது. அப்போது நான் சீர் கொண்டுவந்ததை நிழற்படத்தில் பார்த்திருக்கிறார். தாய்மாமன் என்றால் என்ன பொருள் என்று மருமகளிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லச் சென்றவன் நான். அந்தச் சொற்களுக்குப் பிறகு எப்படிச் சொல்வது? முதலில் என்ன செய்கிறார் என்று பார்ப்போம், பிறகு சொல்வோம் என்று இருந்துவிட்டேன்.

பையன் அந்தக் கோடையிலேயே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருந்தான். அந்த மாநிலத்தில் 1973 சனவரி முதல் நாளோ அதற்குப் பின்போ பிறந்த எவரும் வேட்டை உரிமம் வாங்க இந்த வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அல்லது அனுபவமுள்ளவர் ஒருவரின் கையெட்டும் தூரத்தில், அவர் பொறுப்பில் வேட்டையாட வேண்டும். வகுப்பை நடத்துபவர்கள் தொண்டூழியர்கள். அவனுடைய பயிற்சி நூலை வாங்கி ஓர் ஆசிரியனின் கண்ணோடு புரட்டிப் பார்த்தேன். நான்கு விதிகள். எல்லாத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருது. குழலின் வாயை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வை. இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் உறுதியாக அறிந்துகொள். சுடத் தயாராகும்வரை விரலை விசைக் கூட்டுக்கு வெளியே வை. நான்கின் முதலெழுத்துகளையும் சேர்த்து ஒரு சொல்லாக்கி மனப்பாடம் செய்விக்கிறார்கள். நாம் வாய்பாடு சொல்லிக் கொடுப்பது போலத்தான்.

நூலில் படங்கள் பல இருந்தன. ஒரு படத்தில் குன்றின் உச்சியில் மான் நிற்கிறது, பின்னால் வானம். சுடலாமா? கூடாது. குண்டு எங்கே போய் விழும் என்று தெரியாது. இன்னொரு படத்தில் மானுக்குப் பின்னால் மரங்களிடையே வீட்டின் மூலை தெரிகிறது. கூடாது. பாதிக்கு மேற்பட்ட பாடம் சுடாமல் இருப்பதைப் பற்றியது. இப்படிப்பட்ட பாடநூலை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன்.

மைத்துனரின் விருப்பம் 30-06 என்ற வகை. 1906இல் அமெரிக்கப் படைக்காக உருவாக்கப்பட்ட தோட்டா அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மான் வேட்டைக்காரர்களின் நம்பிக்கைக்குரியது. கரடியையும் வீழ்த்தும். "ஒரே தடவை வாங்கிவிடலாம், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றார். இந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பெற்றோர் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டு அளவில் சீருடை வாங்குவார்களே, அதே வாதம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு சபைகூடலில் நிற்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

பெரியவர் மறுத்துப் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு வைக்கோல் கட்டுகளுக்கு முன்னால் உட்கார வைத்தார். அண்டை வீட்டாரிடமிருந்து இரண்டு துப்பாக்கிகளை இரவல் வாங்கி வந்திருந்தார். ஒன்று 30-06, மற்றொன்று 243 வின்செஸ்டர். பின்னது 1955இல் வந்தது; சிறிய குண்டு. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், தோளில் விழும் உதை முன்னதில் பாதி அளவுதான். எல்லாருக்கும் காதடைப்பான் தந்தார். பிறகு, ஒவ்வொரு முறையும் அவரே முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார்.

ஏன் திரும்பிக்கொள்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. சில நேரம் அவர் போட்டது உண்மைத் தோட்டா. சில நேரம் வெடிமருந்தில்லாத போலித் தோட்டா. பையனுக்கு எது என்று தெரியாது. பெரிய துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டான், உதை வாங்கினான். மூன்றாவது முறை விசையை அழுத்தியபோது 'டிக்' என்று ஒலித்தது, வெடிக்கவில்லை. ஆனால் குழலின் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. கண்கள் இறுக மூடியிருந்தன. உதை வருமுன்பே அவன் உடம்பு உதையை வாங்கிக்கொண்டது.

"பார்த்தீர்களா?" என்றார் என்னிடம். "வெடித்திருந்தால் இது நமக்குத் தெரியாது. குண்டு தவறியது என்று மட்டும் சொல்லியிருப்போம்."

சிறிய துப்பாக்கியில் போலித் தோட்டா வந்தபோது குழல் அசையவில்லை. பையன் கண்ணைத் திறந்துகொண்டு, ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டான்.

ஆசிரிய நண்பர்களே, குறையறி சோதனை என்று நமக்குப் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தார்கள். இதைவிடத் தெளிவான குறையறி சோதனையை நான் எங்கும் கண்டதில்லை. கணக்குப் பாடத்தில் விடை தவறினால், கணக்குத் தெரியவில்லை என்று எழுதிவிடுகிறோம். கரும்பலகையை நோக்கி நடக்கும்போதே அந்தப் பிள்ளையின் தோள் குறுகுவதை யார் கவனிக்கிறோம்?

இந்த நடுக்கத்தின் விளைவு என்ன என்பதைப் பெரியவர் அன்று மாலை சொன்னார். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஓர் உணவுத் தட்டு அளவுதான். அங்கே பட்டால் விரைவில் இறந்துவிடும். சுடுபவன் நடுங்கிக் குண்டு ஒரு சாண் பின்னால் போனால் வயிற்றில் படும். மான் ஓடிவிடும். பல மணி நேரம் துன்பப்பட்டு எங்கோ புதரில் சாகும். "பெரிய துப்பாக்கியால் வயிற்றில் சுடுவதைவிடச் சிறிய துப்பாக்கியால் நெஞ்சில் சுடுவது நல்லது. எதையும் சுடாமல் வீட்டுக்கு வருவது அதைவிட நல்லது." இளமையில் தாம் அப்படிக் காயப்படுத்திய ஒரு மானை இருட்டும்வரை தேடியும் கிடைக்காததைச் சொன்னார். ஐம்பதாண்டுக்கு முந்தைய கதை. அந்த இடத்தில் நின்ற மரத்தின் பெயர் வரை நினைவு வைத்திருந்தார்.

வேட்டை சரியா தவறா என்று வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நான் பையனிடம் கேட்டேன், "மானைக் கொல்ல உனக்கு மனம் வருமா?" சற்று யோசித்தான். "மாமா, நாம் கோழி சாப்பிடுகிறோம். அதைக் கொன்றவர் யார் என்று எனக்குத் தெரியாது. மானைக் கொன்றால் அது நான்தான் என்று தெரியும்" என்றான். தாத்தா சொல்லிக் கொடுத்த மறுமொழியாகவும் இருக்கலாம். ஆனாலும் யோசித்துத்தான் சொன்னான்.

பெரியவரிடம் அவருடைய தந்தையார் காலத்து வின்செஸ்டர் 94 ஒன்று இருந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894இல் வெளிவந்த வகை. கீழே உள்ள நெம்புகோலை முன்னே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். கட்டை தேய்ந்து பளபளத்தது. குடும்பச் சொத்தாயிற்றே, அதையே பேரனுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். செலவும் மிச்சம், பெருமையும் உண்டு. அவர் தலையசைத்தார். அந்தப் பழைய துப்பாக்கியில் சுத்தி வெளியே இருக்கிறது. சுடாமல் நிறுத்த வேண்டுமானால், உள்ளே தோட்டா இருக்கும்போதே, கட்டைவிரலால் சுத்தியைப் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். குளிரில் விறைத்த சிறுவனின் விரல் வழுக்கினால் வெடித்துவிடும். "அது அவனுக்குத்தான் வரும். இப்போது அன்று." சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது தம் பெருமைக்காகவா, பிள்ளைக்காகவா என்று அவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கடைக்குச் சென்றோம். நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த நாள். அமெரிக்காவில் மலிவு விற்பனை உச்சத்தில் இருக்கும் நாள். 2019இன் அந்த ஒரே நாளில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் நடுவண் அமைப்புக்கு நாடு முழுவதிலுமிருந்து 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. கூட்டத்தைப் பார்த்து எனக்குத் தீபாவளி முதல்நாள் மஸ்ஜித் இந்தியா சாலை நினைவுக்கு வந்தது. சுவர் நீளத்துக்குத் துப்பாக்கிகள் அடுக்கியிருந்தார்கள். தங்கை வரவில்லை.

வாசலிலேயே பெரியவர் என்னை நிறுத்திச் சொன்னார்: "நீங்கள் எதையும் கையால் தொட வேண்டாம்." சுற்றுலா விசாவில் வந்த அயல்நாட்டவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க நடுவண் சட்டப்படி குற்றம். கடையில் எடுத்துப் பார்ப்பதும் வீண் சிக்கல். ஆகவே நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வு மண்டப மேற்பார்வையாளரைப் போல நடந்தேன்.

பணத்தில் பங்கு தருகிறேன் என்றேன். அதையும் மறுத்தார். வாங்குபவர் நிரப்பும் படிவத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்ற கேள்வி இருக்கிறது. தம் பணத்தில் வாங்கிப் பிறருக்குப் பரிசாகக் கொடுப்பதற்குத் தடையில்லை. பிறர் பணத்தில் அவருக்காக வாங்கிவிட்டு 'நான்தான்' என்று எழுதினால் குற்றம். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அப்ராம்ஸ்கி வழக்கு இதைப் பற்றியதுதான். மாமனிடம் 400 டாலர் காசோலை பெற்றுக்கொண்டு அவருக்காகக் கைத்துப்பாக்கி வாங்கிய மருமகன் தண்டிக்கப்பட்டார். இத்தனைக்கும் அந்த மாமன், துப்பாக்கி வாங்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர். மாமன் மருமகன் உறவில் இப்படியும் ஒரு வழக்கு! பதினெட்டு வயது நிறையாதவருக்குக் கடைக்காரர் வேட்டைத் துப்பாக்கி விற்கக் கூடாது என்பதும் சட்டம். எனவே பெரியவர் பெயரில், பெரியவர் பணத்தில்தான் வாங்கியாக வேண்டும்.

விற்பனையாளர் இளைஞர், நல்லவர். அப்போது எல்லாரும் விரும்பிக் கேட்ட 6.5 கிரீட்மோர் வகையை எடுத்துக் காட்டினார். 2007இல் வந்த தோட்டா. நெடுந்தொலைவில் குறி தவறாது என்றார். "என் பேரன் நூறு கெசத்துக்கு அப்பால் சுடப் போவதில்லை" என்றார் பெரியவர். நான் விடமாட்டேன் என்பதை அவர் சொல்லாமலே இளைஞர் புரிந்துகொண்டார்.

பிறகு அளவு பார்த்தார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பையன் முழங்கையை மடித்து நிற்க வேண்டும். துப்பாக்கிக் கட்டையின் அடிப்பகுதியை முழங்கையின் உள்மடிப்பில் பொருத்தினால், சுட்டுவிரல் இயல்பாக விசையை எட்ட வேண்டும். பெரியவர்களுக்கான கட்டை பொதுவாகப் பதின்மூன்றரை அங்குலத்துக்குக் குறையாது. பையனுக்கு விரல் எட்டவில்லை. எட்டாவிட்டால் கழுத்தை நீட்டுவான். தொலைநோக்கியில் கண் சரியாகப் பதியாது. கண் மிக நெருங்கினால் உதையில் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைப் பிளக்கும். மைத்துனரின் புருவத்தில் பிறை வடிவில் ஒரு பழைய வடு இருக்கிறது. அதற்கு அவர் எப்போதும் வேறொரு காரணம் சொல்லி வந்திருக்கிறார். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அதன்பின் 30-06 பற்றிய பேச்சே எழவில்லை.

கடைசியில் எடுத்தது மாஸ்பெர்க் நிறுவனத்தின் பேட்ரியட் சிறுவர் வகை, 243 வின்செஸ்டர். அதன் கட்டை பன்னிரண்டு அங்குலம். இடையில் ஒரு துண்டைச் செருகினால் பதின்மூன்று அங்குலமாகும். பிள்ளை வளர வளரத் துப்பாக்கியும் வளரும். என் தாயார் எங்கள் காற்சட்டையின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டதை எண்ணிக்கொண்டேன். பெரிதாக வாங்குவது வேறு, வளர இடம் விட்டு அளவாகத் தைப்பது வேறு. விலை ஏறக்குறைய 400 டாலர். அந்தச் சுவரில் அதைவிட மூன்று மடங்கு விலையுள்ளவை பல இருந்தன.

தோட்டாவில் பெரியவர் சற்று மிகுதியாகச் செலவிட்டார். ஈயக் குண்டு மானின் உடலில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி இறைச்சியில் கலக்கும். சிறுவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஈயம் ஆகாது. ஆகவே முழுக்கச் செம்பாலான குண்டு. அந்த மாநில மான்களிடையே 2002 முதல் மூளையைத் தாக்கும் ஒரு கொடிய நோயும் காணப்பட்டிருப்பதால், சுட்ட மானைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்த பிறகே தம் வீட்டில் சமைப்பதாகச் சொன்னார்.

என் பங்குக்கு நான் வாங்கியவை: காதடைப்பான் ஒன்று, ஆரஞ்சு நிற மேற்சட்டையும் தொப்பியும், பூட்டுள்ள பெட்டி ஒன்று. துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் அணியும் உடையில் பாதியேனும் ஒளிரும் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்பது விஸ்கான்சின் சட்டம். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பையும் ஏற்கிறார்கள். கிடைத்ததிலேயே கண்ணைப் பறிப்பதாகப் பார்த்து எடுத்தேன். தங்கை சொன்னது நினைவில் இருந்தது. தொலைவிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு முதலில் பிள்ளையின் நிறம் தெரியக்கூடாது, சட்டையின் நிறம் தெரிய வேண்டும்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் தங்கை கேட்டாள், "இது எந்த வீட்டில் இருக்கும்?"

"என் வீட்டில்" என்றார் பெரியவர். இரும்புப் பெட்டகத்தில். தோட்டா தனியாக, வேறு பூட்டில். சாவிகள் இரண்டும் அவரிடம். பையன் சுட விரும்பினால் தாத்தாவிடம் வர வேண்டும். தாத்தாவோடுதான் போக வேண்டும். அதுவும் தாத்தாவின் நிலத்துக்குள் மட்டும். மாதம் ஒருமுறை பயிற்சி. தாத்தாவுக்கு உடல்நலம் இல்லையென்றால் பயிற்சியும் இல்லை.

"அப்படியென்றால் அது யாருடையது?" என்றான் பையன்.

"உன்னுடையது. சாவி என்னுடையது."

பையன் முகம் வாடியது. பிறகு ஒப்புக்கொண்டான். தங்கை எதுவும் சொல்லாமல் எழுந்து தட்டுகளை எடுத்துச் சென்றாள். அவள் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். இப்போதும் அவளுக்கு அந்தப் பெட்டகம் பிடிக்காது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும்படி என்னிடம் மறுபடியும் அவள் கேட்கவில்லை.

நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கப் பதினாறு வயது வேண்டும். ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் மோட்டாரில் பறப்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். வாங்கிக் கொடுத்தவர் அப்பா. தலைக்கவசம் வண்டியின் கூடையில் கிடக்கும். சாவி பையனின் கால்சட்டைப் பையில். கைப்பேசியைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டு நாம் நம் கைப்பேசியைப் பார்க்கத் திரும்பிவிடுகிறோம். துப்பாக்கி கொடிது என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பரிசோடு தம் மாலை நேரங்களையும் சேர்த்துக் கொடுத்தார். நாம் கொடுப்பவற்றைக் கொடியவை என்று நாம் நினைப்பதில்லை. பெற்றோர் சந்திப்பில் இதைச் சொன்னேன். ஒரு தந்தை, "சார், அமெரிக்காக்காரனுக்கு நேரம் இருக்கு, நமக்கு ஓவர்டைம் இருக்கு" என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. நேரம் இல்லாதவர் எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று அன்று சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தோம். முடிவு எட்டவில்லை.

2020 நவம்பரில் நாம் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பையன் முதன்முறையாகத் தன் துப்பாக்கியோடு மர மேடையில் தாத்தாவின் பக்கத்தில் அமர்ந்தான். இரண்டு நாள் குளிரில் இருந்தும் வெறுங்கையோடு திரும்பினான். இரண்டாம் நாள் ஒரு பெண்மான் அறுபது கெச தூரத்தில் வந்து நின்றதாம். பின்னால் அண்டைப் பண்ணைக்குப் போகும் வழி. அது நகரட்டும் என்று காத்திருந்தான். அது திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. தொலைபேசியில் இதை அவன் எனக்குச் சொன்னபோது குரலில் ஏமாற்றம்தான் இருந்தது. பெருமை எல்லாம் பின்னாலிருந்து பேசிய கிழவரின் குரலில்.

அடுத்த ஆண்டு அவனுக்கு ஒரு மான் கிடைத்தது. சோதனை முடிவு வந்த பிறகு தங்கை அதை நம் ஊர் மசாலைப் போட்டுப் பிரட்டினாளாம். பெரியவர் மூன்று முறை தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டாராம். 2022இல் கட்டையில் துண்டைச் செருகிவிட்டார்கள். பையன் இப்போது என்னைவிட உயரம்.

சாவி இன்னும் பெரியவரிடம்தான் இருக்கிறது.